கணக்கில் வராத வரவு

  

நாம் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு பூட்டும்வரை வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்பது நமக்கு மனப்பாடம். ஒரு மூட்டை வெங்காயம் குறைந்தால் உடனே தெரியும். கல்லாவில் ஐம்பது காசு கூடினாலும் தூக்கம் வராது. ஆனால், இன்று சுபுஹுத் தொழுகைக்கு எழுந்ததிலிருந்து இந்த நேரம்வரை எத்தனை மூச்சு வாங்கினோம் என்று கேட்டால் நம்மில் யாராவது பதில் சொல்ல முடியுமா? அடியேனாலும் முடியாது.

ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். நாளொன்றுக்குச் சுமார் 20,000 தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. மூச்சுக்கு ஒரு காசு என்று விலை போட்டாலும் நாளைக்கு 200 வெள்ளி, மாதத்துக்கு 6,000 வெள்ளி ஆகிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 30,000 வெள்ளி! இந்த பில் மாதந்தோறும் வீட்டுக்கு வந்தால் நம்மில் எத்தனை பேர் கடையை நடத்துவோம்? அந்த ரட்சகன் பில் அனுப்புவதில்லை. கடன் நிலுவை என்று ஆள் அனுப்புவதுமில்லை. தொழுகிறவனுக்கும் தருகிறான், தொழாதவனுக்கும் தருகிறான். இது எந்தப் பேரேட்டிலும் ஏறாத வரவு. அதனால்தான் நாம் அதை மறந்துபோனோம். இன்று அந்தக் கணக்கைச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

முதலில் மூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெறும் இரண்டு துவாரமன்று, ஒரு சுங்கச்சாவடி. உள்ளே போகும் சரக்கையெல்லாம் அது சோதித்துத்தான் அனுப்புகிறது. வாசலில் உள்ள முடிகள் பெரிய தூசியைத் தடுக்கின்றன. அதற்கும் உள்ளே, பசைபோன்ற சளிப்படலம் சிறிய தூசியை ஒட்டிப் பிடிக்கிறது. உலர்ந்த காற்றானால் ஈரப்படுத்துகிறது. குளிர்ந்த காற்றானால் சூடேற்றுகிறது. நாம் நாளைக்கு ஐந்து வேளை ஒளுச் செய்யும்போது மூக்கில் நீர் செலுத்திச் சீந்துகிறோமே, அது இந்தச் சாவடி வாசலைக் கழுவுவதாகும். இனிமேல் அதை அவசரமாகச் செய்யாதீர்கள்.

மூக்கைக் கடந்தால் தொண்டை. காற்று போகும் வழியும் உணவு போகும் வழியும் இங்கே ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. நாற்சந்தியில் போலீஸ்காரர் நிற்பதுபோல ஒரு சிறு மூடி நிற்கிறது. நாம் விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி, அந்த மூடி அதன் வாயை மறைக்கிறது. கவளம் உணவுக்குழாய்க்குப் போய்விடுகிறது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்துப் பேசினால் புரையேறுவது இந்தக் காவலரை நாம் ஏமாற்றியதால்தான். பருகும்போது பாத்திரத்துக்குள் மூச்சு விட வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததும், அவர்கள் நிறுத்தி நிறுத்தி மூன்று முறையாகப் பருகி வந்ததும் நமக்குத் தெரிந்த சுன்னத்துகள். ஒரே மூச்சில் குடித்துத் தும்முகிறவர்கள் அதன் அருமையை உணர்வார்கள்.

தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாய். சுமார் பதினொரு சென்டிமீட்டர் நீளம். அது நசுங்கிவிடாமலிருக்கக் குருத்தெலும்பு வளையங்கள் வரிசையாகத் தாங்குகின்றன. அந்த வளையங்கள் முழு வட்டமல்ல, பின்புறம் திறந்திருக்கின்றன. ஏன் தெரியுமா? பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது. கவளம் இறங்கும்போது அது சற்றே உப்ப வேண்டும். அதற்கு இடம் விட்டிருக்கிறான் படைத்தவன். இன்னும் பாருங்கள். வலது நுரையீரலுக்கு மூன்று பகுதிகள், இடதுக்கு இரண்டுதான். இதயம் இடப்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் இடது நுரையீரல் அதற்கு இடம் கொடுத்துத் தன்னைக் குறுக்கிக்கொண்டது. நம் கடைச் சரக்கை அடுத்த கடைக்காரரின் ஐந்தடி நடைபாதைவரை பரப்பி வைத்துவிட்டுச் சண்டை பிடிக்கிறோமே, நம் நெஞ்சுக்குள்ளேயே அண்டைவீட்டு உரிமை நடந்துகொண்டிருக்கிறது!

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது; அந்த இரண்டும் மீண்டும் பிரிகின்றன. இப்படி ஏறக்குறைய 23 தடவை பிரிந்து, கடைசியில் காற்றுச் சிற்றறைகளில் முடிகின்றன. முப்பது கோடி முதல் ஐம்பது கோடி அறைகள்! அவற்றின் சுவர்களையெல்லாம் பிரித்துத் தரையில் விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். ஒரு சிறு கடைவீட்டின் கீழ்த்தளம் அளவு. அத்தனையையும் ஒரு நெஞ்சுக்கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறான். சரக்கு அடுக்கத் தெரிந்தவர்கள் நாம். இப்படி அடுக்க முடியுமா?

நுரையீரல் தானாக விரிவதில்லை; அதை விரிக்க அதற்குள் தசை கிடையாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம்போல உதரவிதானம் என்னும் தசை இருக்கிறது. அது கீழே இறங்கும்போது, விலா எலும்புகள் மேலெழும்பும்போது, நெஞ்சறை பெரிதாகிறது. கொல்லனின் துருத்தி திறந்ததுபோல வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. தசை தளர்ந்தால் காற்று வெளியேறுகிறது.

இனி வியாபாரம் நடக்கும் இடத்துக்கு வருவோம். ஒவ்வொரு சிற்றறையையும் சுற்றி மயிரிழையினும் மெல்லிய இரத்த நாளங்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சுவர் வழியாகப் பிராணவாயு இரத்தத்துக்குப் போகிறது. உடம்பு எரித்து மீந்த கரியமிலவாயு காற்றுக்கு வருகிறது. உள்ளே போகும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. வெளியே வரும்போது சுமார் 16 பங்கு. உள்ளே போகும்போது கரியமிலவாயு 0.04 பங்கு, வெளியே வரும்போது சுமார் 4 பங்கு. ஒரு சிவப்பணு அந்த இடத்தைக் கடக்க முக்கால் விநாடிதான் ஆகிறது. அதற்குள் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. பேரமில்லை, தவணையில்லை.

எவ்வளவு பலமாக மூச்சை வெளியே விட்டாலும் நுரையீரல் காலியாவதில்லை. ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. அதுதான் கைமுதல்! கைமுதலையும் செலவழித்துவிட்டு மறுநாள் கடை திறக்க முடியாது என்பது நமக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம் நம் போன்ற வியாபாரிகளுக்கென்றே அமைந்தது. மூச்சை அடக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் நெஞ்சு தவிக்கிறது. பிராணவாயு தீர்ந்துவிட்டதால்தான் தவிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். முக்கியக் காரணம் அதுவன்று. இரத்தத்தில் கரியமிலவாயு சேர்ந்துவிட்டது. மூளையின் அடியிலுள்ள முகுளம் அதை அறிந்து, ‘வெளியேற்று, வெளியேற்று’ என்று துடிக்கிறது. அதாவது, உடம்பு வரவைத் தேடி அலறுவதற்கு முன்னே, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்க்க அலறுகிறது! கடனை வைத்துக்கொண்டு மவுத்தாவதைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை நாம் அறிவோம். சப்ளையருக்கு மூன்று மாதம் பாக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். நம் நெஞ்சு ஒரு நிமிடப் பாக்கியைக்கூடப் பொறுப்பதில்லை.

சகோதரர்களே! இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றிவரும் இந்த உண்மையை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் ஒரு முஸ்லிம் ஆலிம் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் இப்னுந் நஃபீஸ். டமாஸ்கஸில் வைத்தியம் படித்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1288இல் மறைந்தவர். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் சட்ட வல்லுநருங்கூட. அவர் காலத்தில் கிரேக்க வைத்தியர் காலன் சொன்னதே வேதவாக்கு. இதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. அவற்றின் வழியே இரத்தம் கடக்கிறது என்பது காலனின் கொள்கை. மேதை இப்னு சீனாவும் அதை ஒட்டியே எழுதினார். இப்னு சீனாவின் நூலுக்கு விரிவுரை எழுதிய இப்னுந் நஃபீஸ், அந்தச் சுவர் தடித்தது, அதில் துவாரமே இல்லை என்று மறுத்தார். வலது அறையின் இரத்தம் நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றுடன் கலந்து, பிறகே இடது அறைக்கு வருகிறது என்று நிறுவினார். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி தம் நூலை வெளியிட்டது 1628இல். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் பிந்தி! இப்னுந் நஃபீஸின் ஏடு மறக்கப்பட்டுக் கிடந்து, 1924இல் அத்தத்தாவி என்ற எகிப்திய வைத்தியரால் பெர்லின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. பெரியவர்கள் சொன்னதை மதிப்பதும், தவறென்று தெரிந்தால் அடக்கத்தோடு திருத்துவதும் அறிவின் இலக்கணம்.

அந்தப் பெரியவரைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். கடைசி நோயில் படுத்திருந்தபோது, மருந்தாகச் சிறிது மது அருந்தும்படி உடனிருந்த வைத்தியர்கள் யோசனை சொன்னார்களாம். உடம்பில் மதுவை வைத்துக்கொண்டு இறைவனைச் சந்திக்க மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டாராம். உடம்பின் உள்ளமைப்பை அவ்வளவு நுணுக்கமாக அறிந்தவர், அந்த உடம்பைத் தம்முடையது என்று நினைக்கவில்லை. அமானிதம் என்று நினைத்தார்.

அமானிதம்! இந்தச் சொல்லைச் சொல்லத்தான் அடியேன் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

சிறு வயதில் அடியேன் ஒரு மளிகைக் கடையில் கையாளாக இருந்தேன். அந்தக் கடையின் மூத்த சிப்பந்தி ஒருவர். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்று அழைப்போம். தங்கமான மனிதர். தராசில் ஒரு கிராம் குறைக்கமாட்டார். ஆனால் சிகரெட் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. காலை, மாலை இரண்டு வேளையும் ‘தம்பி, அந்தப் பெட்டியை எடு’ என்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். அவர் கணக்கில் பற்று எழுதுவேன்.

ஒருநாள், “நானா, இந்த இருமலுக்கு டாக்டரைப் பார்க்கக் கூடாதா?” என்றேன்.

“இது புகையிலை இருமல் தம்பி. முப்பது வருசச் சிநேகிதம். போகச் சொன்னாலும் போகாது” என்று சிரித்தார்.

சில ஆண்டுகளில் அந்தச் சிரிப்பு நின்றது. மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு பள்ளிவாசலுக்கு நடக்க முடியவில்லை. பிறகு நாற்காலியில் அமர்ந்து தொழுதார். சூறா ஃபாத்திஹாவை ஓதி முடிக்க நான்கு இடத்தில் நிறுத்தினார். ஒருநாள் இரவு நான் பக்கத்தில் இருந்தேன்.

“தம்பி, சன்னலைத் திற” என்றார்.

“திறந்துதான் இருக்கு நானா” என்றேன்.

சகோதரர்களே, அந்தச் சன்னல் திறந்திருந்தது. காற்று வந்துகொண்டிருந்தது. வாங்கத்தான் அவருக்கு இடமில்லை. முப்பது வருஷப் புகை, அந்தச் சிற்றறைகளின் சுவர்களை அரித்துவிட்டது. பல சிறிய அறைகள் உடைந்து சில பெரிய பொந்துகளாகிவிட்டன. பரப்புக் குறைந்துபோனது. உள்ளே போன காற்றும் வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. அப்படி உடைந்த சுவரைத் திரும்பக் கட்டும் மருந்து இன்றுவரை இல்லை. அவர் மவுத்தானபோது கடையில் அவர் கணக்கை முடித்தோம். பற்று வரிசையில் சிகரெட், சிகரெட், சிகரெட் என்று இருந்தது. எழுதியிருந்தது என் கையெழுத்து.

புகை என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் கோடிக்கணக்கான நுண்மயிர்கள் இருக்கின்றன. அவை காற்றிலாடும் நெற்பயிர்போல அசைந்து, தூசி ஒட்டிய சளியை மேலே மேலே தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவருகின்றன. இரவும் பகலும் சம்பளமில்லாமல் கூட்டிப் பெருக்கும் வேலையாட்கள் இவை. சிகரெட் புகை முதலில் இவர்களைத்தான் முடக்குகிறது. பெருக்க ஆளில்லாத கடையில் குப்பை சேர்வதுபோல நெஞ்சில் சளி சேர்கிறது. அதை வெளியேற்ற உடம்பு இருமுகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயு, பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்கிறது. உலகத்தில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் புகையிலையால் மடிகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தாம் புகைக்காமல், பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்களும் அதில் அடக்கம்.

பிறர் விட்ட புகை நெஞ்சை எப்படி வருத்தும் என்பதை இந்த வட்டாரத்தில் வாழும் நாம் அனுபவித்தவர்கள்தாம். 1997இலும் 2013இலும் 2015இலும் காட்டுத் தீயின் புகைமூட்டம் நம் தலைமேல் கவிந்தது. 2013 ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுமாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து மூவாரில் அது 700ஐத் தாண்டி, மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அப்போது நாம் என்ன சொன்னோம்? எங்கோ ஒருவன் தன் லாபத்துக்குத் தீ வைக்கிறான், என் பிள்ளை மூச்சுத் திணறுகிறதே என்று கோபப்பட்டோம். நியாயமான கோபம். அந்தக் கோபத்தை ஒரு நிமிடம் நம் கல்லாப் பக்கம் திருப்பிப் பார்ப்போமா?

பச்சைப் பூண்டும் வெங்காயமும் தின்ற வாயோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கினார்கள். வாடையால் பக்கத்தில் நிற்பவர் வருந்துவாரே என்று அவ்வளவு கவனம்! பூண்டு ஹலாலான பொருள், உடம்புக்கு நல்லது. அதற்கே இப்படியென்றால், பக்கத்திலிருப்பவரின் நெஞ்சையே அரிக்கும் புகைக்கு என்ன சொல்வது? 1995இல் மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு, புகைபிடித்தல் ஹராம் என்று முடிவு செய்தது. 2019 ஜனவரி முதல் மலேசியாவில் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்தது. சிங்கப்பூரில் 2017 ஆகஸ்டு முதல் கடைகளில் சிகரெட்டைக் கண்ணில் படும்படி வைக்கக்கூடாதென்று சட்டம் வந்தது. சட்டம் பெட்டியை மறைத்தது. மறைத்து வைத்ததையும் எடுத்துக் கொடுக்கும் கை நம்முடையதாயிற்றே!

“நான் குடிப்பதில்லை, விற்கிறேன், அவ்வளவுதான்” என்று சிலர் சொல்வார்கள். “நான் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரன் விற்பான், வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார்” என்பார்கள். கஷ்டம் அடியேனுக்குத் தெரியாததல்ல. வாடகையும் சம்பளமும் ஏறிக்கிடக்கும் காலம். விற்பதன் சட்டத்தை உங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடியேன் சொல்வது என் மனச்சாட்சி மட்டுமே. நானாவின் பற்றுக் கணக்கை எழுதிய கை, சொந்தமாகக் கடை வைத்தபோது அந்தச் சரக்கை வாங்கவில்லை. முதல் வருஷம் வியாபாரம் குறைந்தது உண்மை. கடை மூடிப்போகவில்லை என்பதும் உண்மை.

இன்னொரு கடமையும் உண்டு. நம்மை நம்பிக் கடல் கடந்து வந்த தம்பிமார்களின் மூச்சும் நம் பொறுப்பு. மிளகாய்த்தூள் அரைக்கிற இடத்தில் முகக்கவசமில்லாமல் நிறுத்துகிறோமா? காற்றில்லாத அறையில் எட்டுப் பேரைப் படுக்கவைக்கிறோமா? காசநோய் காற்றின் வழியே பரவுவது. நெருக்கமும் மூடிய சன்னலும் அதற்கு உறவு. 2020இல் கொரோனா பரவியபோது சிங்கப்பூரில் நோய் கண்டவர்களில் பெரும்பாலோர், விடுதிகளில் நெருக்கமாக வாழ்ந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களே. பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. திறந்த பிறகும் தோளோடு தோள் நிற்க முடியாமல் தள்ளித் தள்ளி நின்று தொழுதோம். ஒருவரின் மூச்சு இன்னொருவரின் உயிரோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

தாயின் வயிற்றில் குழந்தையின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கிறது. பிராணவாயு தொப்புள்கொடி வழியே வருகிறது. பிறந்த சில விநாடிகளில் அந்த நீர் விலக, முதல் மூச்சு உள்ளே பாய்கிறது, குழந்தை அழுகிறது. நாம் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். நெஞ்சுக்கு முதல் காற்று. காதுக்கு முதல் பாங்கு. அன்று தொடங்கிய கொடுக்கல் வாங்கல், கடைசி மூச்சு வெளியேறும் நாளில் முடியும். ஆயுளைப் பற்றிக் கேள்வி, செல்வத்தைப் பற்றிக் கேள்வி, உடம்பைப் பற்றிக் கேள்வி என்று கியாமத்து நாளில் கேள்விகள் காத்திருக்கின்றன. இந்தக் கணக்கை நாம் எழுதாவிட்டாலும் எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

புகைக்கும் சகோதரர்கள் மனம் தளர வேண்டாம். விட்ட ஓரிரு நாளிலேயே இரத்தத்திலுள்ள நச்சு வாயு வழக்கமான அளவுக்கு இறங்கிவிடுகிறது. சில மாதங்களில் முடங்கிய நுண்மயிர்கள் மீண்டும் பெருக்கத் தொடங்குகின்றன, இருமல் குறைகிறது. பத்து ஆண்டுகளில், தொடர்ந்து புகைப்பவரைவிட நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறையப் பாதியாகிறது. தவ்பாவின் கதவைத் திறந்து வைத்த இறைவன், நெஞ்சுக்குள்ளும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறான். உடைந்த அறைகள் திரும்பா. ஆகவே நாளை என்று தள்ளாதீர்கள்.

இன்று இரவு கடைக்கணக்கை முடித்துப் பேரேட்டை மூடியபின், ஒரு நிமிடம் கண்ணை மூடி மூச்சை எண்ணிப் பாருங்கள். பத்துப் பதினைந்துதான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். அந்த நாளின் உண்மையான லாபம் அதுவாக இருக்கலாம்.

யா அல்லாஹ்! நீ கேட்காமல் தந்த மூச்சை நன்றியோடு வாங்கி, நன்மையில் செலவிட எங்களுக்கு அருள்வாயாக! எங்கள் கைகளால் பிறர் மூச்சு முட்டாமல் காப்பாயாக! எங்கள் கடைசி மூச்சைக் கலிமாவோடு வெளியேற்றுவாயாக! ஆமீன்.